படத்தின் பின்பக்கம்

தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றிய பழைய புத்தகம் எதைப் புரட்டினாலும் ஒரு படம் வந்துவிடும். இடுப்பில் ஒரு துண்டுத்துணி, கழுத்தில் சிப்பி அள்ளும் வலைப்பை, காலடியில் ஆழத்துக்கு இழுத்துப் போகும் கல். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவர் நிற்பார். கீழே ‘முத்துக்குளிப்பவர், தூத்துக்குடி’ என்று போட்டிருக்கும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பனிமய மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அது இருக்கவும் கூடும். படம் எடுத்தவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. தொழிலும் ஊரும் போதுமாக இருந்தன. 1961-ஓடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. பெயரில்லாத அந்த மனிதர்கள் மட்டும் இன்னமும் சுற்றுலாக் கையேடுகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் படங்களுக்கும் இதே கதிதான். லண்டனில் இருக்கும் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளமாக இருக்கிறார்கள். பாலம் கட்டுகிறார்கள், கண்ணிவெடி தோண்டுகிறார்கள், சப்பாத்தி சுடுகிறார்கள். எந்த நாடு, எந்த மாதம், படம் எடுத்த அதிகாரி யார் என்பதெல்லாம் பல படங்களில் துல்லியமாக இருக்கிறது. படத்தில் இருப்பவர் ‘ஒரு இந்தியச் சிப்பாய்’. நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பது இதற்கு நேர் எதிர். ஆள் யாரென்று தெரியும், தாத்தா. எங்கே, எப்போது, கூட நிற்பது யார் என்று கேட்டால் ‘பட்டாளத்துல இருந்தப்ப எடுத்தது’ என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அங்கே இடம் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார், இடம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து உட்கார வைக்கும் வேலையைத்தான் பழைய படத்தை அடையாளம் காண்பது என்கிறேன்.

அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அத்தனை பேரும் தாமாக வந்து கையெழுத்துப் போட்டவர்கள் என்று ஆங்கிலேயன் பெருமையாக எழுதி வைத்தான். ‘தாமாக’ என்பதில் பசிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை உப்பளத்து ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் மழை விழுந்தால் பாத்தியில் வேலை நின்றுவிடும். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி வரத்து நின்றது. ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலை, கொழும்பு மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. கொழும்பு என்றால் தூத்துக்குடிக்கு அடுத்த தெரு மாதிரி. தோணி போய்வருகிற ஊர், கடை வைத்திருந்த ஊர், சம்பந்தம் செய்த ஊர். இந்தக் கரைக்குப் போர் வந்தது அப்படித்தான். அரிசியாகவும் கடல்வழியாகவும் வந்தது. பிறகு மாதாமாதம் மணியார்டராக வந்தது.

எங்கள் தாத்தா அந்த மணியார்டரை அனுப்பியவர்களில் ஒருவர். அவர் விட்டுப்போன படங்களில் ஒன்று அஞ்சலட்டை அளவு. ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் தூணும் திரைச்சீலையும் வரைந்த துணி தொங்குகிறது. தாத்தா நாற்காலியில் இருக்கிறார். இன்னொருவர் அவர் தோளில் கைவைத்து நிற்கிறார். இருவர் தலையிலும் விளிம்பில்லாமல் உயரமாக நிற்கும் தொப்பி. இந்தத் தொப்பி ஒன்றே பாதி விலாசம் சொல்லிவிடும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கே உரிய ‘துப்டா’ அது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படை. பாலம் போடுவது, சாலை அமைப்பது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. கையில் இரண்டு பட்டை, ஆகவே நாயக். ஒரு பட்டை என்றால் லான்ஸ் நாயக், மூன்று என்றால் ஹவில்தார், தோளில் ஒற்றை நட்சத்திரம் என்றால் ஜமேதார். இந்த ஜமேதாரைத்தான் 1965-க்குப் பிறகு நாயப் சுபேதார் என்கிறார்கள். அந்தக் காலத்துப் படத்தில் நிற்பவரை ‘நாயப் சுபேதார்’ என்று யாராவது சொன்னால், சொல்பவர் பிற்காலத்து ஆள் என்று அர்த்தம்.

மார்பில் ரிப்பன் எதுவும் இல்லை. இல்லாததும் ஒரு தகவல். வட ஆப்பிரிக்கப் போருக்கான ஆப்பிரிக்கா ஸ்டார் 1943-இல்தான் அறிவிக்கப்பட்டது, பர்மா ஸ்டார் 1945-இல். மார்பில் பர்மா ஸ்டார் ரிப்பனோடு ஒருவர் நின்றால் அந்தப் படத்தை 1945-க்கு முன்னால் தள்ளவே முடியாது. எங்கள் படம் பெரும்பாலும் 1943-க்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம்.

புஜத்தில் ஒரு கறுப்புச் சதுரம் தெரிகிறது. டிவிஷன் சின்னம் தைத்த இடம். 17-வது டிவிஷனுக்குக் கரும்பூனை, 23-வதுக்குச் சண்டைச் சேவல், 26-வதுக்குப் புலித்தலை, 5-வதுக்கு நெருப்புப் பந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் உண்டு. எங்கள் படத்தில் சதுரத்துக்குள் ஒன்றுமே இல்லை. அழுக்கு என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அன்றைக்குப் பெருவழக்கில் இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் வகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவே விழும், நீலம் வெளுத்துப்போகும். கறுப்பின் மேல் சிவப்பில் தைத்த சின்னம் என்றால், படத்தில் கறுப்பின் மேல் கறுப்பு. இந்தியாவின் 4-வது டிவிஷனுக்கு இருந்தது செந்நிறக் கழுகு. படத்தைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, எடுத்த நகலைக் கணினியில் ஏற்றி இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கியபோது ஒரு இறக்கையின் விளிம்பு தெரிந்தது. அலகு தெரியவில்லை. இறக்கை போதும்.

படத்தைத் திருப்பினால் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை. பாதி அழிந்திருக்கிறது. ஸ்டூடியோ பெயர் போய்விட்டது. ‘கெய்ரோ’ நின்றிருக்கிறது.

இந்த ஒற்றைச் சொல் எங்கள் குடும்பத்தில் உண்டாக்கிய சங்கடத்தைச் சொல்லத்தான் வேண்டும். தாத்தா ‘சுபாஷ் பட்டாளம்’ என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. சித்தப்பா அதைத் தம் பிள்ளைகளின் பள்ளிக்கூட மேடைவரை கொண்டுபோயிருக்கிறார். நேதாஜி 1943-இல் சிங்கப்பூரில் தலைமையேற்ற படை பர்மா வழியாக இம்பால் பக்கம் வந்தது. அது கெய்ரோவுக்குப் போகவில்லை. சித்தப்பா விவரமான ஆள். லிபியாப் பாலைவனத்தில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் ஜெர்மனியில் நேதாஜி உண்டாக்கிய படையில் சேர்ந்தார்களே, இவர் அப்படிப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. டிஸ்சார்ஜ் காகிதம், 1946. நடத்தை ‘மிக நன்று’. இந்திய தேசிய ராணுவத்தினர் போர் முடிந்து திரும்பியபோது அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்புப் பட்டியலில் வந்தவர்களைப் படையிலிருந்து நீக்கினார்கள், நிலுவைச் சம்பளத்தையும் பறித்தார்கள். ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்து, பணமும் கொடுத்து அனுப்பவில்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ வெள்ளைக்காரனுக்குத்தான் உழைச்சாரா?” என்றார்.

இந்த ஊரில் அந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். 1906-இல் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராக வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கிய ஊர் இது. அதே 1942-இல் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இளைஞர்கள் உப்பு இலாகா வளாகத்துக்குள் புகுந்தார்கள், லோன் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்டது. ஒரே கரை, ஒரே வருஷம், ஏறக்குறைய ஒரே வயசு. ஒருவன் உப்பு இலாகாவுக்குள் நுழைகிறான். இன்னொருவன் கெய்ரோ ஸ்டூடியோவில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறான். விடுதலைக்குப் பிறகு முதலாமவனைப் பற்றிப் பேச மேடை இருந்தது. இரண்டாமவன் ஊருக்கு வந்து வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்கள் தாங்களாகவே ‘சுபாஷ் பட்டாளமா?’ என்றபோது அவன் மறுத்தும் சொல்லவில்லை. எங்கள் தாத்தா தன் வாயால் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்று இப்போது எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தில்தான் கதை முளைத்திருக்கிறது.

என் கட்சி எளிமையானது. படம் சொல்வதைத் திருத்தக் கூடாது. நேதாஜியின் படையில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கிளம்பிப் போன தமிழர்களுக்குப் பக்கத்தில், இல்லாத ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்துவது அவர்களுக்கும் அநியாயம், தாத்தாவுக்கும் அநியாயம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மெடான், பினாங்கு பக்கத்துப் போரை நமக்குக் கொடுத்தது. கெய்ரோ, கசினோ பக்கம் போன தமிழனுக்கு ஒரு சிங்காரம் வாய்க்கவில்லை. அவன் வாழ்க்கை இந்த மாதிரி நாலு படத்திலும் ஒரு டிஸ்சார்ஜ் காகிதத்திலும்தான் கிடக்கிறது. அதையும் அழித்து எழுதினால் அவன் சுத்தமாக இல்லாமல் போவான்.

அவன் செய்ததும் சாதாரண வேலை இல்லை. 4-வது டிவிஷன் எகிப்திலிருந்து லிபியா, துனீசியா என்று போய் 1943 கடைசியில் இத்தாலிக்குக் கப்பலேறியது. 1944 பிப்ரவரியில் கசினோ மலையில் சிக்கியது. அந்த டிவிஷனோடு இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் 11-வது கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். பிப்ரவரி 24 அன்று மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது ஒன்று காலடியில் கிளம்பிவிட்டது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்து மறைத்துச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவர் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

தாத்தாவின் இன்னொரு படத்தில் ஆறு பேர் ஒரு லாரி முன்னால் நிற்கிறார்கள். முரட்டுக் கம்பளிச் சட்டை, பின்னால் இலையில்லாத மரங்கள். மூன்றாவது படத்தில் ஓர் ஆறு, அதன்மேல் இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போட்ட பாலம். இவற்றை நான் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தவரை ஒன்றும் நகரவில்லை. வெளியே எடுத்துக்கொண்டு போனபோதுதான் பேசத் தொடங்கின. கிழக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி லாரியைப் பார்த்தவுடன், “இது மூக்கு சப்பை வண்டியில்லா. சண்டை முடிஞ்சு ஏலத்துல வந்துது. எங்கய்யா உப்பு ஏத்தி ஓட்டிருக்காரு” என்றார். கனடாவில் போர்டும் செவ்ரோலேயும் போருக்கென்றே செய்து தள்ளிய லாரி அது. முன்பக்கம் தட்டையாக இருக்கும். அவர் ஆட்கள் பக்கம் கண்ணையே ஓட்டவில்லை. தோணியில் தண்டலாக இருந்த ஒரு பெரியவர் பாலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். “மழை முடிஞ்ச ஆறு. கரையேறிக் கெடக்கு பாரு. ஓட்டம் இடமிருந்து வலம். பாலம் போட்டு ரொம்ப நாள் ஆகல, மிதிபட்ட சேறு காயல” என்றார். நான் அந்தச் சேற்றை அதுவரை கவனித்ததே இல்லை. இத்தாலிய ஆறுகள் குளிர்கால மழையில் பெருகிப் பாலங்களை அடித்துக்கொண்டு போனதும், சாப்பர்ஸ் திரும்பத் திரும்பக் கட்டியதும் போர் வரலாற்றில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தப் பக்கங்களுக்கும் இந்தப் படத்துக்கும் முடிச்சுப் போட்டது ஒரு தண்டலின் கண்.

தையற்காரர் சட்டையைப் பார்ப்பார். சமையற்காரர் டேக்சாவைப் பார்ப்பார். பழைய பட்டாளத்துக்காரர் பட்டையை எண்ணுவார். ஆகவே படத்தைப் பலரிடம் காட்ட வேண்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லிவிட்டுக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இதுதான் நடக்கிறது. முதலில் ஒருவர் ‘பர்மா’ என்று எழுதினால், படம் அன்று சாயங்காலத்துக்குள் நிரந்தரமாகப் பர்மாவாகிவிடும். இதைவிட மோசம், கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றித் தரும் செயலிகள். கழுகு இருந்த சதுரத்தை அது தன் இஷ்டத்துக்குப் பச்சையாக்கும், தாத்தாவின் கன்னத்தில் இல்லாத ரோஜாவைப் பூசும். அழகாகத்தான் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் மூலம் எது என்று எழுதிவைக்காமல் அந்த நகலை அனுப்பக் கூடாது.

இந்தக் கரையில் இன்னொரு வகைப் படமும் கிடைக்கும், கடற்படைக்காரர் படம். போர்க்காலத்தில் ராயல் இந்தியக் கடற்படை மாலுமிகளின் தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இருக்காது. எதிரிக்குத் தெரியக் கூடாது என்று ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். நாடாவில் கப்பல் பெயர் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த லஸ்கர்களுக்கோ சீருடைப் படம்கூட அபூர்வம். இந்தியக் கடற்படையில் இறந்த 400-க்கும் மேற்பட்டவர்களுக்கும், வணிகக் கப்பல்களில் இறந்த ஏறத்தாழ 6,000 பேருக்கும் நினைவாக இருப்பவை மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கும் பெயரேடுகள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் அந்தப் பெயர்களைக் காசில்லாமல் தேடலாம். இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. செத்தவனுக்குப் பட்டியல் உண்டு, உயிரோடு திரும்பி வந்து உப்பளத்தில் கணக்கெழுதியவனுக்குப் பொதுப் பட்டியல் இல்லை. முதல் உலகப் போரில் சேர்ந்த பஞ்சாபியர் ஏறத்தாழ 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபியர்கள் முயன்று அவற்றை 2021 முதல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். ஊர் பெயரைப் போட்டால் போனவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இருந்த அக்கறை நமக்கு இருந்தால் திருநெல்வேலிச் சீமைக்கும் ஏதாவது நடந்திருக்கும்.

அந்த அஞ்சலட்டைப் படத்தில் தாத்தாவின் தோளில் கைவைத்து நிற்பவரை அத்தைக்குத் தெரிந்திருந்தது. “மதுரைப் பக்கத்துக்காரக. என் கல்யாணத்துக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாக” என்றார். பெயர்? “தம்பின்னுதான் அப்பா கூப்பிடுவாக. அவுகளும் அப்பாவைத் தம்பின்னுதான் சொல்லுவாக.” இந்தியப் படை முழுவதும் மெட்ராஸ் சாப்பர்களுக்கு ‘தம்பி’ என்றுதான் பெயர். இரண்டு தம்பிகளில் ஒருவர் பெயர் எங்களிடம் இருக்கிறது. மற்றவர் பெயர் மதுரைப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் இருக்கலாம். அங்கேயும் இதே படத்தின் இன்னொரு பிரதி இருந்து, அவர்கள் எங்கள் தாத்தாவைப் பார்த்து ‘இது யாரு?’ என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். ஸ்டூடியோவில் ஆளுக்கொன்று போட்டு வாங்குவதுதானே வழக்கம்.

1945-இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இருந்தால் இப்போது நூறை நெருங்குவார். அவர்களிடம் கேட்கும் காலம் அநேகமாகப் போய்விட்டது. அவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த பெண்கள், எண்பதைத் தாண்டிய அத்தைகளும் ஆச்சிகளும், இன்னும் இருக்கிறார்கள். சண்டையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்று தெரியும்.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால் சில காரியங்கள் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். நம் உப்புக்காற்றுக்கு அது சகஜம், கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுக்கலாம். செலோடேப் போடாதீர்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் நகலெடுங்கள். முத்திரை, பென்சில் கிறுக்கல், ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். படை எண் கிடைத்தால் அந்தந்தப் படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் உதவித்தொகை கொடுத்த கோப்புகள் அங்கே உண்டு. அதற்கெல்லாம் முன்னால் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே மூத்த பெண்மணியின் பக்கத்தில் உட்காருங்கள். தாத்தா யாரென்று கேட்க வேண்டாம், பக்கத்தில் நிற்பவர் யாரென்று கேளுங்கள். சொன்ன பெயரை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும், பின்பக்கத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.